போர்வைக்குப் பின்னால்

கம்பெனியில் அவளுக்குப் பெயரே பிரேக் அக்கா. தானாக ஓடும் காரில், ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்து வருவதுதான் வேலை. நாற்பது சோதனை ஓட்டம் பிரேக்கைத் தொடாமல் முடித்தால் வேலை நிரந்தரம். எதற்காக மிதித்தாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

முப்பத்தொன்பது முடிந்திருந்தது.

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க அண்ணி. அதுக்கும் உங்க கால் ஒத்துக்க மாட்டேங்குதே" என்று காலையில்கூட நாத்தனார் சீண்டியிருந்தாள். அவளும் அதே கம்பெனிதான். துணிபோல் மடங்கும் பேட்டரியை இருக்கையின் முதுகுக்குள் வைத்துத் தைக்கிற பிரிவு. கார் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மின்சாரம் அதற்குள் திரும்பி ஏறும். முதுகில் இளஞ்சூடு பரவும். யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் இருக்கும். அந்தச் சூட்டை நம்பித்தான் அவள் காலை அடக்கப் பழகியிருந்தாள்.

நாற்பதாவது ஓட்டம். மதிய வெயிலில் தெரு சத்தமில்லாமல் நழுவிப் போனது. வாசல் கொடிகளில் துணிகள் உப்பி உப்பி அடங்கின. வீடுகளே மூச்சு விடுகின்றனவோ என்று தோன்றியது.

ஒரு நீலப் போர்வை கொடியிலிருந்து விடுபட்டது. மதிலைத் தாண்டி, அவசரமே இல்லாமல், நீந்துவதுபோல் வளைந்து தெருவுக்குள் இறங்கியது.

முதுகு சூடாகும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. காருக்கு அது வெறும் துணி.

கால் மிதித்துவிட்டது.

கார் நின்ற மறுநொடி, வாயில் துணி கிளிப்பைக் கவ்வியபடி ஒருவர் மதில் இடுக்கிலிருந்து காருக்கு முன்னால் பாய்ந்தார். போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் பொறியாளர் கார் கேமராவின் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். ஆளே தெரியாதபோது எப்படி மிதித்தீர்கள் என்று கேட்டார்.

"துணி பறந்தா, துவைச்சவங்க பின்னாடியே ஓடி வருவாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை, காருக்குக் கற்றுத்தர வேண்டியவற்றில் அதையும் எழுதிக்கொண்டார். கணக்கு மட்டும் விதிப்படி ஒன்றுக்குத் திரும்பியது. அன்று நாத்தனார் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுபடி நாற்பதாவது ஓட்டம் வந்தபோதும் காற்று ஓய்ந்திருக்கவில்லை. அதே தெரு. ஒரு தலையணை உறை மதில்மேல் எழும்பி, சற்று யோசித்து, கீழே மிதந்து வந்தது. அவள் கால் துடித்தது. அதற்குள் முதுகில் சூடு பரவ, கார் மெல்ல நின்றது.

யாரையும் காணோம். உறை தெரு நடுவே படுத்துக் கிடந்தது. கார் மதில் பக்கம் பார்த்தபடி காத்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை இருக்கைமேல் மடக்கி வைத்து, அந்தச் சூட்டில் சாய்ந்துகொண்டாள். வருகிறவர் மெதுவாகவே வரட்டும்.