20 பிக்ஸ்பி

நெருப்பு, சக்கரம், 20 பிக்ஸ்பி: மனித குலம் தலைநிமிர்ந்து நின்றது இந்த மூன்றால்தான். மூன்றாவதைப் பற்றி, பவுடர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஏழு பேர் கேள்விப்பட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

20 பிக்ஸ்பி என்பது ஒரு ரைஃபிள் தோட்டா. ஹார்லன் பிக்ஸ்பி அதைப் பெற்றெடுத்தான். கடையில் விற்கிற எந்தத் தோட்டாவும் கயோட்டிக்குச் சரிப்படாது என்பது அவன் கட்சி. கயோட்டி என்பது ஓநாய்க்குத் தம்பி, குள்ளநரிக்கு அண்ணன். இரண்டு வீட்டுக் குணமும் அதனிடம் உண்டு. 223 என்கிற ரகத்தைப் போட்டால் தூரத்தில் காற்று தள்ளிவிடும். 22-250 போட்டால் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயும். 243 போட்டால் தோலில் முஷ்டி நுழைகிற ஓட்டை விழும், தோல் வாங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகவே ஹார்லன் ஒரு பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை நெரித்து, சின்னக் குண்டு ஒன்றைப் பொருத்தி, அதற்கென்றே தனியாக ஒரு குழாயும் கடைந்து வாங்கினான். இதற்கு நான்கு குளிர்காலம் ஆயிற்று. பெயர் யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பெட்ரோல் பங்க்கில் காப்பி மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஆறு பேருக்கும் அவன் தினமும் காலையில் இதை விளக்கினான்.

“அப்ப நாங்கல்லாம் இத்தன வருஷம் தப்பான தோட்டாவுலதான் கயோட்டிய சுட்டோமா?” என்று கேட்டான் டப் டாலிவர். அவனுடைய 243 துப்பாக்கி அப்பா காலத்தது. பிடிக்கட்டை உடைந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“சந்தேகமே இல்ல.”

“பாவம்டா. அது தெரியாமயே செத்துப்போச்சுங்க.”

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். ஹார்லன் சிரிக்கவில்லை. மேதைகளை முதலில் சிரித்துத்தான் வரவேற்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

மே மாதம், ஆடுகள் குட்டி போடும் பருவம் பாதி கடந்தபோது, நெட்ரா ஹாகன் அந்த மேஜைக்கு வந்தாள். வயது எழுபது, கணவனை இழந்தவள், ஆயிரத்து இருநூறு ஆடும் பதினோராயிரம் ஏக்கரும் அவளுடையவை. அந்த நிலத்தின் கேட்டில் ஒரு பூட்டு தொங்கியது. அதற்குள் வேட்டையாட அனுமதி கேட்டு ஹார்லன் பத்து வருஷமாகப் போய் வந்தான். பெண் கேட்டுப் போகிறவன்கூட அப்படித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டான். பத்து வருஷமும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “பாக்கலாம்.”

“ஒம்பது குட்டிய தூக்கிட்டுப் போயிடுச்சு,” என்றாள் நெட்ரா, உட்காராமலே. “ஒரே கயோட்டிதான். காது கிழிஞ்சது. அத யாரு சுடுறீங்களோ, கேட் சாவி அவங்களுக்கு. ஆயுசு முழுக்க.”

ஏழு காப்பிக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் மேஜைக்கு இறங்கின.

“சனிக்கிழம நான் வரேம்மா,” என்று எழுந்தான் ஹார்லன். “டப் வேணும்னா ஞாயித்துக்கிழம வரட்டும். வேல மிச்சம் இருக்காது.”

“போய்ட்டு வாடா,” என்றான் டப். “நான் தூங்கி எந்திரிச்சு வரேன்.”

“எப்படி வர்றே?” என்று நெட்ரா கேட்டாள். ஹார்லன் இருபது நிமிஷம் சொன்னான்: குண்டின் எடை, மருந்தின் அளவு, நொடிக்கு எத்தனை அடி வேகம், ஐந்நூறு கெஜத்தில் எத்தனை அங்குலம் தாழும் என்று எல்லாவற்றையும்.

“நான் கேட்டது, வடக்கு வழியா வர்றியா, தெக்கு வழியா வர்றியான்னு.”

சனிக்கிழமை வெளுக்கும்போது ஹார்லனின் புது பிக்கப் வண்டி ஒரு மேட்டுக்குப் பின்னால் நின்றது. நெட்ராவும் கூட வந்திருந்தாள்; தன் ஒன்பது குட்டிகளுக்கான நியாயத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஹார்லன் பானெட்டின் ஓரத்தில் மணல் பையை வைத்து, அதன்மேல் ரைஃபிளைப் படுக்கவைத்து, கயோட்டியை வரவழைக்க, அடிபட்ட முயல் மாதிரிக் கத்துகிற பெட்டியை முடுக்கினான்.

ஆறாவது நிமிஷம் அது வந்தது. எதிர்ச் சரிவில், புதருக்கு முன்னால், பக்கவாட்டில் நின்றது. காது கிழிந்திருந்தது.

“நானூத்திப் பன்னெண்டு கெஜம்,” என்றான் ஹார்லன், தூரம் அளக்கும் கருவியை இறக்கி. நான்கு குளிர்காலமும் இந்த ஒரு தூரத்துக்காகத்தான் என்று அவனுக்குப் பட்டது. “243-ஆ இருந்தா இப்ப நடுங்கும்மா. இது நடுங்காது.”

“சுடு.”

“காத்து இடதுலேர்ந்து நாலு மைல் வேகம். ரெண்டு சொடுக்கு.” ஸ்கோப்பின் திருகைத் திருகினான். “காலையில காத்து கனமா இருக்கும். இன்னும் ஒரு சொடுக்கு.”

கயோட்டி உட்கார்ந்தது.

“ஹார்லன், அதுவே பாடம் கேக்க உக்காந்துடுச்சு. சுடுப்பா.”

அவன் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினான். கண்ணாடி வட்டத்துக்குள் கயோட்டியின் நெஞ்சு, குறுக்குக் கோடு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான காட்சியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. விசையை அழுத்தினான்.

கயோட்டி எழுந்தது. இவர்களை ஒரு தரம் பார்த்தது. அவசரப்படாமல் மேட்டைக் கடந்து போனது.

“காத்து மாறிடுச்சு,” என்றான் ஹார்லன். “அந்தப் பள்ளத்துல காத்து சுழலும். பாத்தீங்கல்ல, புல்லு எப்படிச் சாயுதுன்னு? தோட்டாவுல குத்தம் சொல்ல முடியாது. கடைத் தோட்டான்னா பத்தடி தள்ளிப் போயிருக்கும். இது மயிரிழையில...”

“ஹார்லன்.”

“மயிரிழையிலதாம்மா.”

“இங்க வா.”

நெட்ரா வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வண்டியின் முன்கண்ணாடி கழுவுகிற நீல நீர் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பானெட்டைப் பார்த்தாள், பிறகு ரைஃபிளைப் பார்த்தாள், பிறகு கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

“டப்தானே? எந்திரிச்சுட்டியா? சரி, அப்பாவோட துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வடக்கு வழியா வா. நாளைக்கு இல்ல, இப்ப.” கொஞ்ச நேரம் கேட்டாள். “இல்ல, சுட்டான். சுடாம இல்ல.”

ஹார்லன் குனிந்து பார்த்தான். கண் பார்த்தது மேலே இருக்கிற ஸ்கோப் வழியாக; குண்டு புறப்பட்டது இரண்டு அங்குலம் கீழே இருக்கிற குழாய் வழியாக. ஸ்கோப்புக்கு எதிரே எதுவும் இல்லை. குழாய்க்கு எதிரே பானெட்டின் நடுமேடு இருந்தது.

குண்டு போன தூரம் பதினான்கு அங்குலம்.