பீர் லவ்ஸில் ஆறடி

முனீபின் வாப்பா ஹம்தான் படுக்கையில் விழுந்தபின் சோறு கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. "என்னை பீர் லவ்ஸ்ல அடக்கம் பண்ணு" என்பது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பீர் லவ்ஸ் அவர் பிறந்த ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் அரபிகளுக்கும் யூதர்களுக்கும் சண்டை வந்தபோது ஊரே காலியாகி, இரண்டு மலை தாண்டி இந்த டவுனுக்கு வந்தது. திரும்பிப் போக விடவில்லை. வீடுகளை இடித்த இடத்தில் கெரெம் ஷகேத் என்ற யூதக் குடியிருப்பு எழுந்தது. லவ்ஸ், ஷகேத் இரண்டுமே வாதுமைதான்; அரபியில் இருந்த மரம் எபிரேயப் பெயரிலும் இருந்தது. அதை நட்டவர்கள்தான் இல்லை. ஊர்க்காரர்களைப் புதைத்த மையவாடி மட்டும் குடியிருப்பின் பீச் பழத் தோட்டத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்தது.

அந்தக் குடியிருப்பில் முனீபுக்கு ஒரு ஆள் இருந்தார். ஷாவுல், பாக்தாத்திலிருந்து வந்த யூதர். அவருடைய டிராக்டர் பல வருஷங்களாக முனீபின் பட்டறையில்தான் சரியாகிறது. அரபியிலேயே வம்பு பேசி, காப்பி குடித்துவிட்டுப் போவார்.

"எங்க குடியிருப்புக் கூட்டத்துல நான் பேசறேன் தம்பி. ஆறடி மண்ணுதானே கேக்கறே?" என்றார்.

கூட்டத்துக்கு முனீபும் போனான். கேட்க வேண்டியதைக் கேட்டான். ஸிப்போரா என்ற கிழவி எழுந்தாள். போலந்தில் நடந்த யூதப் படுகொலையில் மொத்தக் குடும்பத்தையும் பறிகொடுத்தவள்.

"எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கும் சமாதி கிடையாது. சாம்பலாத்தான் போனாங்க. பீச் தோட்டத்துல தோண்டினப்போ ஏழு கிளை விளக்கு செதுக்கின கல்லு வந்துச்சே, நீயும் பாத்திருப்பே. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே இங்க எங்க ஜெபக்கூடம் இருந்திருக்கு. நாங்க வந்தேறி இல்லப்பா, வீடு திரும்பினவங்க."

"இருந்திருக்கட்டும்மா. நான் இல்லேன்னு சொல்லலையே. எங்க முப்பாட்டனும் அதே மண்ணுக்குள்ளதான் கிடக்கான். மேல இருக்கிற நாமதான் அடிச்சுக்கறோம்."

"இன்னிக்குப் பொணம் வரும், நாளைக்குப் பேரன் வீடு கட்ட வருவான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

முனீப் ஷாவுலைப் பார்த்தான். ஷாவுல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்கிறவர்கள் கைதூக்குங்கள் என்றதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரும் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க வாப்பா." வாயிலிருந்து பொய் தானாக வந்தது. "ஷாவுல் அண்ணந்தான் பேசி முடிச்சாரு."

கிழவரின் முகம் மலர்ந்தது. "அந்தப் புண்ணியவானைக் கூட்டிட்டு வா, நான் பாக்கணும்" என்றார். அழைத்து வராமல் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். முனீப் சொல்லவில்லை. வாப்பா கூப்பிடுவதாக மட்டும் சொல்லி ஷாவுலை அழைத்து வந்தான்.

கிழவர் ஷாவுலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உன் வாப்பாவை எங்கப்பா அடக்கினீங்க?"

"பாக்தாத்ல."

"போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"விடமாட்டாங்க."

"அடப் பாவமே! அதான் என் வலி புரிஞ்சு எனக்காகப் பேசி இடம் வாங்கியிருக்கே." சொல்லிவிட்டு அந்தக் கையை முத்தமிட்டார்.

வாசலுக்கு வந்ததும் ஷாவுல் வெடித்தார். "எதுக்குடா என்னை இப்படி அறுத்தே? என் ஒரு கையாலயா தோத்தே?"

"இல்ல. நீங்க கை தூக்காம இருந்திருந்தாலும் தோத்திருப்பேன். ஆனா எனக்கு அது போதுமா இருந்திருக்கும்."

"நாளைக்கும் நான் அவங்க மத்தியிலதான் இருக்கணும். பாக்தாத்லேருந்து எங்களை ஒத்தப் பெட்டியோட தொரத்தினாங்களே, எவன் கேட்டான்?"

"தொரத்தினது நான் இல்லையேண்ணே. அவன்கிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட ஏன் பிடுங்கறீங்க?"

ஷாவுல் வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் ஹம்தான் மௌத்தானார். டவுன் மையவாடியில், பேர் தெரியாதவர்கள் நடுவே இடம் கிடைத்தது. முனீப்தான் குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்தான். வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தைத் தெற்கே, தொழும் திசையான கிப்லாவுக்குத் திருப்பினான். பீர் லவ்ஸ் வடக்கே இருக்கிறது. ஊருக்கு முதுகு காட்டியபடி வாப்பா படுத்திருந்தார்.

ஷாவுல் வரவில்லை. அதன்பின் டிராக்டரை வேறெங்கோ கொண்டுபோனதாகக் கேள்வி.

மண் தள்ளி முடிந்ததும் சொந்தக்காரர் ஒருவர் முனீபின் தோளைத் தட்டினார். "நீ குடுத்துவெச்சவன்டா. சிரிச்ச முகமா, மனசு நெறஞ்சு போனாரு மனுஷன்."

"ஆமா மாமா" என்றான் முனீப். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட அவனுக்குத் தோன்றவில்லை.