கோல்பியின் கண்

கோல்பியின் கண்ணுக்கு நேராக டெஸ்ஸா லென்ஸைப் பிடித்தாள். கைவிளக்கின் ஒளிக்கீற்றைக் கண்பாவையின் குறுக்கே ஒருமுறை ஓட்டினாள்.

"மைனஸ் இரண்டரை. சரியா?"

கணவன் திருதிருவென்று விழித்தான்.

"என்னடா முழிக்கிற?"

"டெஸ்... நான் கான்டாக்ட் லென்ஸைக் கழட்டவே இல்ல. மேட்ச் முடிஞ்சு அப்படியே வந்துட்டேன்."

லென்ஸ் போட்ட கண்ணில் குறையே தெரியாது. அவள் கண்டது ஒளியை அல்ல, மாதக்கணக்கில் அவன் கண்ணிலேயே பழகி மனப்பாடமாகிப்போன ஓர் எண்ணைத்தான். கண் மருத்துவ உரிமத் தேர்வின் செய்முறைப் பகுதியில் போன முறை, கண்ணுக்குள் ஒளி நகரும் விதத்தை வைத்துக் கண்ணாடி எண்ணைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையில்தான் தோற்றிருந்தாள். அடுத்த வாரம் மறுதேர்வு. இந்த மலையடி ஊரில் கண் டாக்டரே கிடையாது. திறக்கவிருக்கும் புது கிளினிக்கில் அவளுக்கென்று வைத்திருக்கும் இடமும் இந்த முறை தேறினால்தான்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?" என்றாள் எரிச்சலுடன்.

"இருந்திருக்கலாம். தேர்வுல உன் முன்னால உக்காரப் போறது நான் இல்லையே!"

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். "உன் கண்ணு இனிமே எனக்கு வேண்டாம். சர்ச்சுக்கு வண்டியை எடு."

அன்று புதன்கிழமை, சர்ச்சில் ஊர் விருந்து நாள். சர்ச் கூடத்தில் வறுத்த கோழியும் சோள ரொட்டியுமாக ஊரே கூடியிருந்தது. மூலையில் நாற்காலியைப் போட்டு, லென்ஸ் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"ஒரு தடவை கோட்டை விட்டவகிட்ட கண்ணைக் குடுக்கணுமாக்கும்?" என்றாள் மாமியார் லொரீன், ஊர் முழுக்கக் கேட்கும்படி. அவளுடைய கண்ணாடியின் கால் ஒன்றில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"உங்க கண்ணைத்தான் அத்தை முதல்ல குடுக்கணும்."

"நல்லா இருக்கே கதை!" என்று முணுமுணுத்தபடியே லொரீன் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. "ஏய் ஹார்லன், கோழியைக் கீழ வை! உனக்கும் கண்ணு ரெண்டு இருக்குல்ல?" என்று ஆள் பிடித்துத் தந்ததும் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க, டெஸ்ஸா தெரியாத கண்களாகத் தேடித் தேடிப் பார்த்தாள். முதலில் நிறைய எண்கள் தப்பின. போகப்போகக் குறைந்தன.

தேர்வு அறையில் சோதனைக்குக் கண் காட்டக் காத்திருந்த பெண்மணியின் பக்கத்து மேசையில் தடித்த கண்ணாடி ஒன்று கிடந்தது. பார்த்ததுமே மனம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டது. டெஸ்ஸா விளக்கை ஓட்டினாள். பாவைக்குள் ஒளி, மனம் சொன்னதற்கு நேரெதிராக நகர்ந்தது. பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸைத் திரும்ப வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். ஒளி நகராமல் நிற்கும்வரை நிதானமாக மாற்றிக்கொண்டே போனாள். கடைசியில், விளக்குக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்துக்கான கணக்கையும் மறக்காமல் கழித்தாள்.

தேறிவிட்டாள்.

புது கிளினிக் திறந்த அன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் லொரீன். பிளாஸ்டர் இன்னும் அப்படியே இருந்தது.

"சர்ச்சில பார்த்த நம்பரையே எழுதிக் குடுடி. நேரத்தை வீணாக்காத."

"அது ஞாபகம் இருக்கு அத்தை," என்று டெஸ்ஸா விளக்கைக் கையில் எடுத்தாள். "அதனாலதான் மறுபடி பார்க்கணும்."