மூன்றாம் பிரஸ்ஸின் ஒற்றை வரி

பழைய கார்களை நசுக்கிக் கட்டிகளாக்கும் அந்தக் கூடத்தில் நான்கு பிரஸ்கள் இருந்தன. பழுது பார்க்க அவற்றின் குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு ஃபிட்டரும் முதலில் மின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டுவார்; கடைசிப் பூட்டும் கழன்றால்தான் மின்சாரம் வரும். கழற்ற மறந்து வீட்டுக்குப் போகிறவர்களால் வேலை அடிக்கடி நின்றது. ஆகவே இதைக் கைபேசிக்கு மாற்றிவிட முதலாளியம்மா விரும்பினார்.

அவர் கணவர் ஒரு சாஃப்ட்வேர் டெவலப்பரை அழைத்துவந்தார். அந்தப் பெண் ஆறு மாதம் கேட்டாள்.

“ஆறு மாசமா? செவ்வாய்க்கு ராக்கெட்டே போய்ச் சேர்ந்துடும்!” என்றான் முதலாளியம்மாவின் தம்பி. நிரல் எழுதாமல், பெட்டிகளை இழுத்துப் பொருத்தியே ஆப் செய்யும் கருவி ஒன்றில் அவன் மூன்றே நாளில் வேலையை முடித்திருந்தான்.

டெவலப்பர் அவன் திரையைப் பார்த்தாள். “ஒரு மெஷினுக்கு ஒரே வரிதான் வச்சிருக்கீங்க, ஆளுக்கொரு வரி இல்ல. ரெண்டு பேர் இறங்கினா?”

“ரெண்டு பேரும் ஒரே வேலைதானே செய்றாங்க? ஒருத்தர் ‘முடிந்தது’ன்னு அமுக்கினா போதாதா?”

“இறங்குறவங்களக் கேட்டியா மாப்ள?” என்றார் கணவர்.

“அத்தானுக்கு நான் எதைச் செஞ்சாலும் சொத்தைதான்.”

முதலாளியம்மா தம்பியின் ஆப்பை ஏற்றுக் கையெழுத்திட்டார். பூட்டுகளைக் கழற்றவும் அவரே உத்தரவிட்டார்.

பதினோராம் நாள் காலை, மூன்றாம் பிரஸ்ஸுக்குள் இரண்டு ஃபிட்டர்கள் இறங்கினார்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் அவருடைய சகலை. எண்ணெய்க் குழாயை மாற்றுவது சகலையின் பங்கு. மாற்றியதும் மேலே ஏறி, ஒழுங்காக ‘முடிந்தது’ என்று அமுக்கினார். இருந்த ஒரே வரி பச்சையாயிற்று, மின்சாரம் வந்தது. குழிக்குள் பார்க்க முடியாத அறையில் இருந்த ஆபரேட்டர், பச்சையைக் கண்டு கைப்பிடியைத் தள்ளினார்.

அலறல் ஒன்றுதான் கேட்டது. சகலை அறைக் கண்ணாடியைக் கைமுட்டியால் உடைத்துக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். அதற்குள் நெட்டையின் வலக்கை முழங்கைவரை தகட்டோடு தகடாகியிருந்தது.

ஆம்புலன்ஸ் போனபின் சகலை அலுவலகத்துக்குள் வந்தார். சட்டையில் இருந்த ரத்தம் அவருடையதன்று. தம்பி திரையிலிருந்து நிமிராமல் சொன்னான்: “ஆப் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நீங்கதானே அமுக்கினீங்க?”

முதல் குத்தில் மூக்கெலும்பு நொறுங்கியது. கீபோர்டு அவன் மண்டையில் இரண்டாகப் பிளந்தது. எழுத்துகள் தரையெங்கும் சிதறின. தடுக்க வந்த கணவரை ஒரே தள்ளலில் சுவரில் மோதவிட்டு, தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் அவன் முகத்தை அறைந்தார் சகலை. ஒருமுறை. மறுமுறை.

முதலாளியம்மா நடுவில் புகுந்தார். “அவன விடுங்க. பூட்ட கழட்டச் சொன்னது நான்.”

சகலை அவரையும் அடித்தார். அடியின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. இரும்பு அலமாரியில் மோதி விழுந்தவரின் உதடு கிழிந்திருந்தது. கணவர் நாற்காலியை ஓங்கினார்.

“அவரத் தொடாதீங்க!” என்றார் முதலாளியம்மா, தரையிலிருந்தே. “அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க.”

“ஆறு மாசம் ஆகும்னாளே.”

“ஆகட்டும். அதுவரைக்கும் ஒரு பிரஸ்ஸும் ஓடாது.”

சகலை உடைந்த கைமுட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய குரல் இப்போதுதான் உடைந்தது. “அவன் பொண்டாட்டி என் கொழுந்தியா. யார் அமுக்கினதுன்னு கேட்டா நான் என்னம்மா சொல்ல?”

முதலாளியம்மா அலமாரியைப் பிடித்து எழுந்தார். வாயைத் துடைக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்க. கேக்கட்டும், நான் சொல்றேன்.”