இடது வார், வலது வார்

1

கிளைவ் என்னிடம் கேட்டது நாலே நாலு வரி. அவன் செய்த இரும்புச் சாமானை எப்படிப் பூட்டுவது, எப்படி ஏற்றி இறக்குவது, எப்படித் துடைப்பது என்று ஒரு குறிப்பு. பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை என்பதால் எழுத்து வேலையும் என் தலையில் விழும். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் அவன் மனைவி நோரீன் வந்துவிட்டாள். அவள் வந்த இடத்தில் குறிப்பு நிற்காது. இப்படித்தான் இது கதையாயிற்று.

(நோரீனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். பத்தியே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றது. அவளுக்கு அறுபத்திரண்டு வயது, எனக்கு மூத்தவள். ஆனாலும் அவள் 'அவள்'தான். கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள்.)

முதல் தொடக்கம்: 'வால்சாலில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். இங்கிலாந்தின் இந்தச் சேணப்பட்டறை ஊரில் மழை செய்தியே இல்லை.

இரண்டாவது: 'அங்கவடி என்பது குதிரையேறுபவர் கால் வைக்கும் இரும்பு வளையம் மட்டுமல்ல, அது' — இதையும் அடித்தேன். 'மட்டுமல்ல' என்று நான் எழுதினால் அடுத்து ஒரு பொய் வரப்போகிறது என்று பொருள். அங்கவடி கால் வைக்கும் இரும்பு வளையம் மட்டும்தான். சேணத்திலிருந்து ஒரு தோல் வாரில் தொங்கும். போதும்.

மூன்றாவது: 'நோரீனின் இடது கால் வலது காலைவிட ஒரு விரல் அகலம் நீளம்.'

இது இருக்கட்டும்.

2

பிறவியில் அப்படி இல்லை. இடது இடுப்பு தேய்ந்துபோய்ப் போன வருடம் மாற்று மூட்டு வைத்தார்கள். வைத்த பிறகு கால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"இனாமா வச்சாங்கல்ல கண்ணு, அதான் அளவு பார்க்காம தாராளமா வச்சுட்டாங்க" என்றாள் என்னிடம்.

நடக்க ஒன்றும் தொந்தரவில்லை, செருப்புக்குள் ஒரு அட்டை வைத்துக்கொண்டாள். குதிரைமேல்தான் தொந்தரவு. இரண்டு அங்கவடியும் ஒரே உயரத்தில் தொங்கினால் இடது முட்டி மடங்கி மேலே வரும், இடுப்பு வலிக்கும், உடம்பு சாயும். அவள் சாய்ந்தால் குதிரையும் சாய்ந்து நடக்கும். அந்தக் குதிரையின் பெயர் பாதிரி. கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, நடையில் அவசரமில்லாத ஒரு கம்பீரம். வேறு பெயர் வைத்திருக்க முடியாது.

வாரில் துளைகள் உண்டு. பக்கிளை ஒரு துளை கீழே போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஒரு துளை இறக்கினால் அதிகம், இறக்காவிட்டால் குறைவு. அதோடு, ஏறும்போது விறைத்திருக்கும் இடுப்பு அரை மணியில் தளர்ந்துவிடும். அப்போது அளவும் மாற வேண்டும், குதிரைமேல் இருந்தபடியே, ஒரே கையால்.

எல்லாவற்றுக்கும் மேலே நோரீன் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வெளிய தெரியக்கூடாது. இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி தொங்கிச்சுன்னு வையி, லாயத்துல அந்தப் பொம்பளைங்க என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவாளுங்க. அதுக்கு நான் நடந்தே போயிடுவேன்."

கிளைவ் தலையாட்டினான்.

3

கிளைவ் ஒரு பாத்திரமாகத் தேறுவானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் பேசமாட்டான். நானும் பேசமாட்டேன். தேநீர் இடைவேளையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, குவளை காலியாகும்வரை ஒரு சொல் இல்லாமல் இருந்து, திருப்தியாக எழுந்து போவோம். எனக்கு அது நல்ல புத்தகம் படித்த மாதிரி. ஆனால் கதையில் இரண்டு ஊமைகளை வைத்து என்ன செய்வது? நோரீன் இல்லாவிட்டால் இந்தப் பக்கங்கள் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

அவன் செய்ததை எழுதிவிடுகிறேன். பக்கிளுக்குப் பதிலாக விரல் நீள எஃகுத் தகடு. அதன் விளிம்பில் சின்னப் பற்கள். கட்டைவிரலால் ஒரு நாக்கை அழுத்தினால் வார் நழுவும். விட்டால் பல்லில் பிடித்துக்கொள்ளும். சேணத்தின் மேல்மடலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். முதலில் செய்தது அவள் கட்டைவிரலுக்கு அசையவில்லை. அடுத்தது, அவள் எழுந்து நின்றதும் நழுவிவிட்டது.

"பிடிக்கவும் வேணும். விடவும் வேணும்" என்றான் என்னிடம். அந்த வாரம் அவன் பேசியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சரியாக வந்தது. இரு பக்கத்துக்கும் ஒன்றுபோல இரண்டு செய்தான். இடது பக்கத்துத் தகட்டில் அடையாளமாக ஒரு புள்ளி குத்தட்டுமா என்று கேட்டான்.

"எதுக்கு? 'இந்தப் பக்கம் கோளாறு'ன்னு போர்டு வைக்கவா?" என்றாள் நோரீன். குத்தவில்லை.

புதன்கிழமை பாதிரிமேல் ஏறினாள். இடதை ஒரு விரல் அகலம் இறக்கி கிளைவே வைத்துக் கொடுத்திருந்தான். கேனக் காட்டுப் பாதையில் போய்வந்தாள். திரும்பும்போது அவள் முகத்தைப் பற்றி நான் எழுதிய வாக்கியம்: 'அவள் முகம் விளக்கு ஏற்றியது போல' — வேண்டாம். சிரித்தாள். மூக்கு சிவந்திருந்தது. "இந்தக் கிழவனைக் கட்டிக்கிட்டதுக்கு இன்னிக்குத்தான்யா பலன்" என்று லாயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, சேணத்தைப் பிரித்துப் போட்டுச் சோப்பு தடவித் துடைத்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. துடைத்த வார்களை மாட்டும்போது, இங்கே எல்லோரும் செய்வதுபோல, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினாள். ஏறும்போது பாரம் முழுவதும் இடது வாரில் விழும், தோல் நீண்டுபோகும். மாற்றி மாற்றி மாட்டினால் இரண்டும் சமமாகத் தேயும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பல் தேய்ப்பது மாதிரி.

(இந்தப் பத்தி அழகுக்காக எழுதியது. நான் அங்கே இருக்கவும் இல்லை. கதைக்கு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. திருத்தும்போது வெட்டிவிட வேண்டும்.)

4

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி ஏறினாள். லாயத்து வாசலைத் தாண்டுவதற்குள் வலி. பாதிரி காதை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். பாதி வழியில் இறங்கி நடத்திக்கொண்டு வந்தாள். வரும்போது அழுதிருந்தாள்.

கிளைவ் வார்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து அளந்தான். பல் நழுவவில்லை. ஒன்று மற்றதைவிட, அவன் வைத்த அளவுக்கே, ஒரு விரல் அகலம் நீளம். இரும்பில் குற்றமில்லை.

"அப்ப இடுப்புதான்" என்றாள் நோரீன். "நல்லா செஞ்ச சாமானைக் குறை சொல்லக்கூடாது. நான்தான் முடிஞ்சு போனேன். பாதிரியை வித்துடலாம்."

லிச்ஃபீல்டில் ஒரு பெண்மணி அவனை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

கிளைவ் அளந்த வார்களை, அவை இருந்தபடியே, திரும்ப மாட்டினான். இடைவேளையில் எதிரே உட்கார்ந்தான். அன்றைய மௌனம் வழக்கமானது இல்லை. இருவரும் குவளையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்.

5

சனிக்கிழமை காலை முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: பாதிரி வண்டியில் ஏறிப் போகிறான். நோரீன் கையாட்டுகிறாள். கிளைவ் அந்தத் தகடுகளைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறான்.

(அவன் மாட்டமாட்டான். உருக்கி வேறு ஏதாவது செய்துவிடுவான்.)

முடிவு இரண்டு: டாக்டர் வந்து, இடுப்பு இன்னும் ஆறவில்லை, கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார். எல்லோரும்

(எந்த டாக்டர்? இதுவரை கதையில் இல்லாத மனுஷன் கடைசியில் வந்து காப்பாற்றுவதை நானே மன்னிக்கமாட்டேன்.)

இரண்டும் கைகூடவில்லை. முடிவு வராதபோது செய்கிற வேலையைச் செய்தேன்: எழுதிய பக்கங்களுக்குத் திரும்பிப் போய் வெட்டினேன். மழையை வெட்டியாயிற்று. கேனக் காட்டைப் பற்றி ஒரு வர்ணனை இருந்தது, போயிற்று. வெள்ளிக்கிழமைப் பத்திக்கு வந்தேன். ரேடியோவை அடித்தேன். செய்தித்தாளை அடித்தேன். 'இடதை வலதிலும் வலதை இடதிலும்' என்ற இடத்தில் பேனாவை வைத்தேன்.

பேனா நகரவில்லை.

இதை நான் இட்டுக்கட்டினேன். ஆனால் இங்கே யார் வீட்டில் இது நடக்காமல் இருக்கிறது?

இடதுக்கென்று நீட்டி வைத்த வார் வலது பக்கம் போயிருந்தால், நீண்ட காலுக்குக் குட்டை வார், குட்டைக் காலுக்கு நீள வார். கோளாறு தீரவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது. கிளைவ் நீளத்தை அளந்தான். எந்தப் பக்கம் தொங்கியது என்று பார்க்கவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் கோட்டு போடவில்லை என்று தெரிந்தது.

6

நோரீன் கதவைத் திறந்தாள். "என்ன கண்ணு இது, கழுவி விட்ட பூனையாட்டம் நிக்கிறே? உள்ள வா."

கிளைவ் மேசையில் பன்றித்தோல் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போன வாரம் வெள்ளிக்கிழமை வாரைத் தொடச்சீங்களா?" என்றேன்.

"தொடைக்காம? என்னை என்னன்னு நினைச்சே?"

"மாத்தி மாட்டினீங்களா?"

"மாத்தாம யாராச்சும் மா—"

கிளைவின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது.

"நோரீன்" என்றான்.

"பேசாதே."

"நான் எப்பப் பேசினேன்?"

"இப்பப் பேசாதேங்கிறேன்!"

"ஒரு புள்ளி குத்தறேன்னு சொன்னேன். ஒரே ஒரு புள்ளி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியச் சற்று நேரமாயிற்று. கிளைவும் சிரித்தான், சத்தமில்லாமல், அவன் வழக்கப்படி. நானும்.

பிறகு அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அப்ப இடுப்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.



"நல்லா இருந்தா நான் ஏறணும்ல." மேசையில் உப்புத்தூளை விரலால் ஒதுக்கினாள். "அன்னிக்கு அழுதேனே, முழுசா வருத்தம்னா நினைச்சீங்க? பாதி வருத்தம். பாதி, அப்பாடா இனிமே ஏற வேண்டாம்னு. புதன்கிழமை அவ்வளவு நல்லா இருந்துச்சு, அப்பவும் உள்ளுக்குள்ள நடுக்கம்தான். விழுந்தா மறுபடி அந்த ஆஸ்பத்திரி, அந்தக் கட்டில். வலிதான் காரணம்னு சொல்றது எனக்குச் சௌகரியமா இருந்துச்சுய்யா."

கிளைவ் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தான்.

"வித்துக்கோ" என்றான். "பயமா இருக்கு, அதனால விக்கிறேன்னு சொல்லி வித்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என் இரும்பு மேலயும் உன் எலும்பு மேலயும் பழி போட்டு விக்காதே."

"பாரு, ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சுல பேசிட்டான்" என்றாள் என்னிடம். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த ஈரத் தாள்களைக் காட்டினாள். "நீ என்ன எழுதி வச்சிருக்கே? கடைசியில நான் விக்கிறேனா?"

"ரெண்டு விதமா எழுதியிருக்கேன்."

"ரெண்டையும் அடி. நானே இன்னும் முடிவு பண்ணலை. நீ யாரு எனக்கு முந்தி முடிவு பண்ண?"

அவள் எதிரிலேயே அடித்தேன்.

7

ஞாயிறு காலை. இங்கிருந்து நான் எழுதுவதை வேகமாகத்தான் எழுத முடியும்.

லிச்ஃபீல்டுப் பெண்மணி வந்துவிட்டாள். வாசலில் அவள் வண்டி, பின்கதவு இறக்கியபடி. நோரீன் அவள் கையில் ஒரு குவளைத் தேநீரைக் கொடுத்து, "இதைக் குடிச்சு முடிங்க. அதுக்குள்ள ஒரு சுத்து வந்து சொல்லிடறேன். இல்ல, வராமயே சொல்லிடறேன்" என்றாள். அந்தப் பெண்மணி குழப்பத்தோடு சர்க்கரை கேட்டாள்.

கிளைவ் வார்களைப் பக்கம் பார்த்து மாட்டினான். நோரீன் இடதை இழுத்துப் பார்த்தாள், வலதை இழுத்துப் பார்த்தாள். ஏறுபடிமேல் ஏறி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

"யாராச்சும் அந்தப் பக்கம் பிடிங்கப்பா" என்றாள் கடைசியில்.

ஒருவர் இடது பக்கம் ஏறும்போது சேணம் அந்தப் பக்கம் சரியாமலிருக்க, இன்னொருவர் வலது அங்கவடியைப் பிடித்துக் கீழே அழுத்தவேண்டும். கிளைவ் குதிரையின் தலையைப் பிடித்திருக்கிறான். எனவே நான். இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். பேனா சட்டைப்பையில்.

இந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழுப் பாதிரி இருக்கிறான். தெரிவது அவள் இடது கை மட்டும். பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. கிளைவின் முகத்தைப் பார்த்தால் தெரியுமோ என்று பார்க்கிறேன். அந்த முகத்தில் என்றைக்கு எது தெரிந்தது?

இரும்பு என் கையை மேலே இழுக்கிறது. இடது அங்கவடியில் கால் வைத்துவிட்டாள். பாரத்தைக் கொடுத்துவிட்டாள். சேணம் முனகுகிறது. அவள் அதில் எழுந்து நிற்கிறாள்; இங்கிருந்து காலைத் தூக்கிப் போட்டு உட்காரலாம், அப்படியே படிமேல் இறங்கியும்விடலாம். இரண்டுக்கும் ஒரே தூரம்தான்.

நீங்கள் நிற்பது இடது பக்கம். அவள் முகம் உங்களுக்குத் தெரியும். அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் சொல்ல வேண்டாம்.

என் கையிலிருப்பது அவளுடைய வலது காலுக்கான இரும்பு. அந்தக் கால் இந்தப் பக்கம் வந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அதுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.