உலகநாதனின் நுரை

உலகநாதனுக்கு மனது சரியில்லை என்றால் அவன் வேலை பார்க்கும் மண்ணூர்பேட்டை எத்தனால் ஆலையின் மூன்று தொட்டிகளிலும் நுரை ஏறும். ஆலை தொடங்கிய இரண்டாம் வருஷமே இது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குருணை அரிசியை அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடும் தொட்டிகள் அவை. அதில் இறங்கும் சாராயம் பெட்ரோலில் கலக்கப் போகிறது. புளிக்கிற எதுவும் நுரைக்கத்தான் செய்யும், அதை அடக்குவதற்கென்றே ஓர் எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன அன்றும், மகள் காவ்யா பள்ளி வேனில் வந்து இறங்காத அன்றும் ஏறிய நுரை எண்ணெய்க்குக் கட்டுப்படவில்லை. காற்றுக்குழாய் வழியாக வெளியே வந்து, தொட்டியின் மேல் வழிந்து, கேட்டைத் தாண்டி, எதிர் அடுக்குமாடியின் கார்களை மூடிக்கொண்டு நின்றது.

மேலாளர் பார்த்தசாரதி அவனைத் தொட்டிப் பக்கமே வராமல் கேட் காவலுக்கு மாற்றிப் பார்த்தார். அப்போதும் ஏறியது. லீவு கொடுத்து ஆவடியில் மச்சினி வீட்டுக்கு அனுப்பினார். அங்கே கொசுக்கடியில் அவன் புரண்டதற்கு இங்கே இரண்டாம் தொட்டி பொங்கியது. வேலையை விட்டே நிறுத்தினார்கள். அன்று நுரை ஆலைக் கூரையைத் தொட்டது, மாலைக்குள் ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டிவந்தார்கள். இனி அவனுக்குக் கவலை வராமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று முடிவானது. வீட்டுக்காரரிடம் பார்த்தசாரதியே போய்ப் பேசினார். அடுக்குமாடிச் சங்கம் கூட்டம் போட்டு, உலகநாதன் வண்டியில் போகும்போது யாரும் ஹாரன் அடிக்கக்கூடாது என்று தீர்மானித்தது. அவன் டீக்கடையில் உட்கார்ந்தால் செய்தியை மாற்றிப் பாட்டு வைத்தார்கள். ஏரி உடையும் என்று ஊரே மூட்டை கட்டிய மழையிலும் அவனிடம் தூறல் என்றுதான் சொன்னார்கள். இப்படி நாலு வருஷம் போயிற்று. நுரை எண்ணெய்க்கு அடங்கியது, ஆலைக்கு நல்ல பெயர். உலகநாதனுக்கு மட்டும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எதை மறைக்க எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதும், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பதுமாக இருந்தான்.

அவன் மனைவி சுதா வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி கேண்டீனில் வேலை செய்தாள். அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. புற்றுதான், ஆனால் ஆரம்பம், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக் கையெழுத்துக்காக ஆலைக்கு வந்தவளைப் பார்த்தசாரதி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஆபரேஷன் முடியட்டும்மா. அப்புறம் நானே பக்குவமா சொல்றேன். இப்ப சொன்னா ஊரு தாங்காது" என்றார். சின்னச் சின்ன விஷயங்களை மறைத்து மறைத்துப் பழகிப்போயிருந்த சுதா இதற்கும் தலையாட்டினாள். கேண்டீனில் கூடுதல் வேலை என்று அவனிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

நுரை காரணமே இல்லாமல் ஏற ஆரம்பித்தது அப்போதுதான். எண்ணெய் ஊற்ற ஊற்ற ஏறியது. அளவுக்கு மிஞ்சிய எண்ணெயில் ஈஸ்ட் சோர்ந்து சாராயம் பாதியாகக் குறைந்தது, நுரை குறையவில்லை. உலகநாதனோடு ஒரே ஷிப்டில் பீப்பாய் தூக்கும் ஏகாம்பரம் தொட்டியின் மேல்தளத்தில் கேட்டான்.

"இன்னா மச்சான், உனக்கு இன்னாதான் கவல?"

"தெரில மாமே. அதான் கவல."

ஏகாம்பரத்துக்குத் தெரியும். ஆலையில் அத்தனை பேருக்கும் தெரியும். அவன் குனிந்து அடுத்த பீப்பாயைத் தூக்கினான்.

மறுநாள் நுரை பக்கத்து ஊரான பாடி வரை போய் மேம்பாலத்தடியில் லாரிகளை மூடியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சுதாவின் பஸ் அங்கே நின்றுபோனது. இறங்கி, புளித்த வாடையடிக்கும் இடுப்பளவு நுரையில் நடந்தாள். இத்தனையும் அவன் ஒன்றும் தெரியாமலே பட்ட பயம் என்று நினைத்தபோது நடையை எட்டிப் போட்டாள். கேட்டில் பார்த்தசாரதி கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்மா" என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய்த் தொட்டிப் படிக்கட்டில் நின்றவனைக் கூப்பிட்டாள்.

"யோவ், மார்ல கட்டி கீதுய்யா. கேன்சராம். திங்கக்கெழம ஆபரேஷன்."

உலகநாதன் இறங்கி வந்து அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டான்.

"எப்போலேர்ந்து?"

"ஒரு மாசமா."

"இவுங்களுக்கெல்லாம் தெரியுமா?"

அவள் கேட்டில் நின்ற பார்த்தசாரதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, தனியாவா ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருந்த?" என்றவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். சுதாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலை மொத்தமும் தொட்டிகளையே பார்த்தது. நுரை ஒரு முழம் ஏறியது. நின்றது. பிறகு மெதுவாக இறங்கித் தொட்டிக்குள் போய், புளிக்கும் கூழுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தங்கியது. சாயங்காலம் பாடியில் பஸ்கள் ஓடின.

ஆபரேஷனும் அதற்குப் பின்னான மருந்தும் ஒரு வருஷம் இழுத்தன. ஒவ்வொரு முறையும் உலகநாதன் கூடவே போனான். சுதாவுக்கு முடி கொட்டி, மறுபடி முளைத்தது. நுரை அந்த உயரத்தைவிட்டு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கொஞ்சநாள் எண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே தொட்டிகளை முழுதாக நிரப்புவதில்லை, ஓர் ஆள் உயரம் இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். சுதாவுக்கு ஸ்கேன் இருக்கிற நாளில் மட்டும் இன்னொரு முழம் கூடுதலாக இடம் விடுகிறார்கள்.