பாமர் என்று பொறித்த தட்டு

மகேந்திரராஜாவின் பெயருக்குப் பின்னால் பாமர் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகதியாய் வந்து சேர்ந்த நொய்கெல்னில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் அழைப்புமணிப் பலகையில் மற்றவர்களின் பெயரெல்லாம் காகிதத் துண்டில். அவருடையது மட்டும் பித்தளையில். அவரே செய்வித்துப் பூட்டியது. அங்கே தபால்காரர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர்களின் அலுவலகங்களைத் துடைத்த மனிதர், அந்த ஒரு பெயரை வைத்துத்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

யார் வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் பெயரின் வரலாறு வந்துவிடும். பல நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள், போய்வந்த அடையாளமாக ஓலை ஒன்றைக் கொண்டு திரும்புவார்களாம். ஓலை ஆங்கிலத்தில் பாம்; அதைக் கொண்டுவந்தவன்தான் பாமர். இந்த இடத்தில், “பனை ஓலை இல்லை, ஈச்சம் ஓலை” என்று கட்டாயம் அழுத்திச் சொல்வார். யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் அவருடைய பூட்டனின் குடும்பத்தையும் குணத்தையும் மெச்சி அந்தப் பெயரைச் சூட்டினாராம். அதற்குச் சாட்சி கண்ணாடி அலமாரியில் இருக்கும் பித்தளைச் சாப்பாட்டுத் தட்டு. விளிம்பில் ஆங்கில எழுத்தில் அதே பெயர். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு மனைவி கலாதேவி அதைப் புளி போட்டு மினுக்கிக் கொடுக்க, அவர் மட்டும் அதில் சாப்பிடுவார். ஒருமுறை யாரோ அழைப்பிதழில் ‘மகேந்திரராஜா பாமரர்’ என்று அச்சடித்துவிட்டார்கள். அவர்களோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

ஒரே மகள் நிருபமா டிரெஸ்டனில் படித்தபோது, விடுதியில் அவளுக்கு வந்த பார்சல் ஒன்று இன்னொரு பாமரின் கதவுக்குப் போய்விட்டது. அவன் பெயர் பிருந்தன். ஆறு வருடம் கழித்து அவனைத்தான் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னாள்.

பெயரைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தூரத்துச் சொந்தமாயிருக்கும் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாய்த் திரிந்தார். பிறகு டொரன்டோவிலிருக்கும் அக்கா சந்திரகாந்திக்குப் போன் போட்டார். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள், சேர்ச்சில் எந்த வாங்குப் பலகையில் இருந்தவர்கள் என்று அந்த அம்மையார் மூன்றே நாளில் துருவி எடுத்துவிட்டார். உலகம் சுற்றினாலும் இந்தப் புலனாய்வில் மட்டும் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

“அவை பனை ஏறின ஆக்கள், பிள்ளை. எங்கட பேரைக் களவெடுத்து வைச்சிருக்கினம்” என்றார் அப்பா. பதிவுத் திருமணத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அவர் வராமல் கட்ட நிருபமாவுக்கு மனமில்லை. அவள் அவரை அவ்வளவு நேசித்தாள். இரண்டு வேலை செய்து அவளைப் படிப்பித்தவர் அவர். அகதி விண்ணப்பம் போட்ட காலத்திலிருந்தே எழுத்தில் வந்ததைத்தான் நம்புவார், வந்த கடிதம் ஒவ்வொன்றையும் கோப்பில் போட்டு வைப்பார். ஆகவே அவர்கள் பேரைக் களவெடுக்கவில்லை என்று எழுத்திலேயே காட்டுவோம் என்று இங்கிலாந்தில் பழைய மிஷன் ஆவணங்களை வைத்திருக்கும் இடத்துக்கு எழுதினாள். ஆறு வாரத்தில் அந்தப் பாதிரியாரின் கடிதமொன்றின் பிரதி வந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, அப்பாவை உட்காரவைத்து அதைத் தமிழில் சொன்னாள். இங்கிலாந்திலிருந்த திருமதி பாமர் என்ற விதவை, செத்துப்போன தன் மகனின் பெயரை ஒரு ஏழைப் பையனுக்கு வைத்துப் படிப்பிக்கக் கேட்டிருக்கிறாள். பெயர் பொறித்த தட்டொன்றையும் அனுப்பியிருக்கிறாள். பாதிரியார் தேர்ந்தெடுத்தது பனை ஏறுபவரின் மகனை. இரண்டு வருடம் வகுப்பில் அவன்தான் முதலாவது. பிறகு புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையன் அவனோடு ஒரே வரிசையில் இருந்து சாப்பிட ஏலாது என்று எழும்ப, மற்றவர்களும் எழும்பினார்கள். பாதிரியார் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் பனைக்காரரின் மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீமாட்டியின் மனம் நோகக்கூடாது என்று பெயரையும் தட்டையும் வேறொருவனுக்குக் கொடுத்தார். கொடுத்தது, முதலில் எழும்பிய பையனுக்கு. இருவருடைய தமிழ்ப் பெயரும் ஊரும் கடிதத்தில் இருந்தன. எழும்பியவன் மகேந்திரராஜாவின் பூட்டன். வீட்டுக்குப் போனவன் தட்டை விட்டுப்போனான், பெயரை விடவில்லை. அவன் பிருந்தனுடைய அப்பாவின் பூட்டன்.

அப்பா அலமாரியிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“முதல் இதில அவனோ சாப்பிட்டவன்?”

“ஓம் அப்பா. ரெண்டு வருஷம்.”

தலை குனிந்தார். வெட்கப்படுகிறார், இனி திருமணத்துக்கு வருவார் என்று நிருபமா நம்பினாள். அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து தட்டை எடுத்தார். பிருந்தனுக்குக் கொடு என்று தரப்போகிறார் என்றே நினைத்தாள். ஆனால் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். குழாயைத் திறந்தார். வேலைக்குக் கொண்டுபோகும் துப்புரவுத் தூளைக் கொட்டித் தேய்க்கத் தொடங்கினார்.

“இவ்வளவு காலமும் எச்சில் தட்டிலயே சாப்பிட்டிருக்கிறம்” என்றார்.

கலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிருபமா குசினிக்குள் வந்தாள். குழாயை மூடி, தட்டைப் பறித்துத் தன் சால்வையால் துடைத்தாள்.

“பேரும் அவன்ர எச்சில்தான், அப்பா. அதையும் கழுவிப் பாருங்கோ.”

தட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. திருமணத் தேதி குறித்ததும் அப்பாவின் முழுப்பெயரையும் எழுதி அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினாள். நாலாம் நாள் அது அவளிடமே திரும்பி வந்தது. தபால்காரர் உறையின் மேல் குறித்திருந்தார்: இந்த முகவரியில் பாமர் என்று எவரும் இல்லை.